மீசைக்காரரின் கர்ப்பப்பை

அலுவலக நடைமுறையில் ஒரு விதி உண்டு. உள்ள நிலவரம் படிவத்தின் கட்டத்துக்குள் அடங்காவிட்டால் மனுவைத் திருப்பக் கூடாது. குறிப்புப் பகுதியில் அதை எழுதி மேலே அனுப்ப வேண்டும். பணிக்காலத்தில் பெரும்பகுதியைத் திருச்சுழி தாலுகா அலுவலகத்தில் கழித்தவன் சொல்கிறேன், நல்ல விதி. என் கர்ப்பப்பை விஷயத்தில்தான் யாரும் அதைக் கடைப்பிடிக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு வலது தொடை இடுக்கில் ஒரு வீக்கம் கண்டது. இருமினால் வெளியே வரும். படுத்தால் உள்ளே போகும். குடலிறக்கம் (வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தில் குடல் பிதுங்குவது) என்றார்கள். அந்தப் பக்கத்து விதை எனக்குச் சிறுவயதிலிருந்தே கீழே இறங்கவில்லை. கண்மாயில் குளிக்கும்போது கூட்டாளிகள் "ஏலே ஒத்தை" என்றுதான் கூப்பிடுவார்கள். வருத்தப்பட்டதில்லை. கண்மாயில் தண்ணீர் கிடந்த காலம். பட்டப்பெயரெல்லாம் அதில் கரைந்துவிடும்.

அருப்புக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் அறுவை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். பச்சைத் திரைக்கு அப்பால் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

"சிஸ்டர், கேஸ் ஷீட்டப் பாருங்க. ஆணா, பெண்ணா?"

"ஆம்பளைதான் டாக்டர். மீசையெல்லாம் இருக்கு."

"அப்ப இது என்ன?"

அறுவை மருத்துவர், இளம் பெண், திரைக்கு மேலே தலையை நீட்டினார். "சார், பயப்படாதீங்க. உள்ள சின்னதா ஒரு கர்ப்பப்பை இருக்கு. இறங்காத விதையும் அதோட ஒட்டிக் கெடக்கு. விதை பார்க்க நல்லா இல்ல. ரெண்டையும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்."

"அதுக்கு எழுத்துமூலம் ஒப்புதல் வேணுமே?"

"கை ரெண்டும் நல்லாத்தான சார் இருக்கு. கையெழுத்தப் போடுங்க."

போட்டேன்.

மறுநாள் விளக்கினார். கருவில் முதல் சில வாரங்கள் எல்லாருக்கும் இரண்டு ஜோடிக் குழாய்கள் உண்டு. ஒன்று கர்ப்பப்பையாக வளரக்கூடியது, மற்றது விந்துக்குழாயாக. ஆண் கருவில் விதை ஒரு ஹார்மோனைச் (ரத்தத்தில் போகும் தூதுப்பொருள்) சுரந்து முதல் ஜோடியைக் கரையச் செய்கிறது. எனக்கு அந்த உத்தரவு பிறக்கவில்லை, அல்லது பிறந்தும் சார்வு (உரியவர் கையில் சேர்ப்பது) செய்யப்படவில்லை. மீசைக்கான உத்தரவு ஒழுங்காக வந்திருக்கிறது.

"அப்ப நான் யாரு டாக்டர்?"

"நேத்து வரைக்கும் யாரோ, இன்னைக்கும் அவருதான் சார். உங்கள நீங்க என்னன்னு நெனச்சு வளந்தீங்களோ, அதை ஒரு பை வந்து மாத்தாது."

என் மனைவி சரோஜா கட்டிலருகே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டாள். பிறகு சொன்னாள்: "வீட்டுல ரெண்டு கர்ப்பப்பை இருந்துருக்கு. ஒண்ணுக்குக்கூட வேலை வைக்கலையே நீங்க."

தையல் வலிக்கச் சிரித்தேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. மணமான புதிதில் மதுரையில் பரிசோதித்த மருத்துவர், என் விந்தில் உயிரணு இல்லை, காரணம் தெரியவில்லை என்றார். பஸ்ஸில் திரும்பும்போதே அவள் முடிவெடுத்துவிட்டாள். கேட்டவர்களிடமெல்லாம், "கோளாறு எங்கிட்டத்தான்" என்றாள். நான் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. அப்போது விசைத்தறிக் கூடத்தை ஒட்டி ஒரு வாடகை அறையில் இருந்தோம். எவ்வளவு உரக்கச் சண்டை போட்டாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. தறி ஓடாத நாளில் நாங்களும் ஓய்ந்துவிடுவோம். மருத்துவமனைக் கட்டிலில் படுத்து அந்தத் தறிச்சத்தத்துக்கு ஏங்கினேன்.

இறங்காத விதையில் புற்று வரும் வாய்ப்பு சற்று அதிகம். திசுப் பரிசோதனை (எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்ப்பது) முடிவு வந்தால்தான் மேற்கொண்டு சிகிச்சை உண்டா என்று தெரியும். முடிவு வரவில்லை, அனுப்பிய குப்பியே திரும்பி வந்தது. பால் ஆண், உறுப்பு கர்ப்பப்பை, பொருந்தவில்லை, சரிசெய்து அனுப்பவும். ஆய்வகத்தின் கணினி ஏற்கவில்லையாம்.

மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் நல்ல மனத்தோடுதான் சொன்னாள்: "பெண்ணுன்னு மாத்திருவோம் சார். கம்ப்யூட்டர் எடுத்துக்கிரும்."

"அப்ப விதையை?"

யோசித்தாள். "அதுல மாட்டிக்கிரும் சார்."

ஆட்சேபித்து மதுரை ஆய்வகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குத் தாள் எடுத்தபோது சரோஜா பிடுங்கிவிட்டாள். "உசுரு பெருசா, உங்க ரூலு பெருசா? கெளம்புங்க. நானும் வாரேன்."

மருத்துவர் கைப்பட எழுதிய விளக்கத்துடன் மதுரை பஸ் ஏறினோம். குப்பியைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். ஆள் ஏறும்போதெல்லாம் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். "இடிக்காமப் போப்பா." நான் ஜன்னல் வழியே கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வேறு பக்கம் பார்க்க முடியவில்லை. ஆய்வக மருத்துவர் விளக்கத்தைப் படித்துவிட்டுக் குப்பியை வாங்கிக்கொண்டார்.

முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் அறிவுரை இல்லை. தழும்பைத் தொட்டுப் பார்ப்பேன். இருந்தது தெரியாமலே போன ஒன்றுக்காக ஏக்கம் வருமா? வருகிறது. பள்ளிக்கூடத்துக்கும் ஜமாபந்திக்கும் (தாலுகாவின் வருடாந்தரக் கணக்குத் தணிக்கை) கல்யாண மணவறைக்கும் அது என்னோடு வந்திருக்கிறது. வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ண இப்போது மனம் வருவதில்லை. அதற்கும் முன்னால், எந்தப் பக்கம் என்று தீராமல் கிடந்த அந்தச் சில வாரங்களும் என்னுடையவைதாம்.

பதில் வந்தது. இரண்டிலும் புற்று இல்லை.

"எடுத்ததை என்ன செய்வாக?" என்று கேட்டாள் சரோஜா.

"எரிச்சுருவாக."

எழுந்து கொல்லைக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. அவள் வந்ததும் நானும் போய் முழுகினேன். இறப்புப் பதிவேட்டுக்கு நாள் கேட்டால், அன்று ஆவணி ஏழு.