ஒட்டடைக்குக் கண்ணாடி போட்டது

புதுக் கண்ணாடி வாங்க வந்தவரின் காதுகளில் கம்பிகளை மாட்டிவிட்டதும் அக்கா இரண்டடி பின்னால் போவார். தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்ப்பார், பிறகு வலப்பக்கம். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு, "சிரிங்க" என்பார்.

வந்தவர் திகைப்பார். "போட்டோவா எடுக்கப் போறீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. அக்கா பதில் சொல்ல மாட்டார், சிரிக்கும்வரை காத்திருப்பார். சிரித்தால் கன்னம் மேலே ஏறும். ஏறுகிற கன்னம் ஃபிரேமின் அடிவிளிம்பைத் தூக்கினால் கண்ணாடி இன்னும் சரியாக உட்காரவில்லை என்று பொருள். கழற்றி, கம்பியின் நுனியைச் சூடான காற்றில் காட்டி, கட்டைவிரலால் ஒரு நூல் அளவு வளைத்து, மறுபடி மாட்டி, மறுபடி "சிரிங்க". பல் பிடுங்க வந்தவர்போல முகத்தை வைத்திருப்பவர்கள்கூட மூன்றாவது தடவை நிஜமாகவே சிரித்துவிடுவார்கள்.

நான் பின்னறையில் லென்ஸ் வெட்டுபவன். இடையில் இருப்பது ஒரு கண்ணாடித் தடுப்புதான் என்பதால் ஆறு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. கணவர் குழாய் வேலை செய்கிறார். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள், கூடவே இருக்கும் அம்மா. அப்புறம் ஒரு தம்பி.

தம்பி பத்தொன்பது வயதில், ஒரு சனிக்கிழமை காலை முடி வெட்டிக்கொள்ளப் போனவன். இருபத்தைந்து வருடம் ஆகிறது, திரும்பவில்லை. உயரமாக, ஒல்லியாக, ஒட்டடைக்குச்சிபோல இருந்ததால் வீட்டில் அவன் பெயர் ஒட்டடை. என்னைவிட எவ்வளவோ மூத்தவர், நான் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அந்த வீட்டில் நாலு நாள் பழகினால் யாருக்கும் 'அவன்' என்றுதான் வாயில் வரும். ஏனென்றால் அங்கே அவனைப் பற்றிப் பேசாத நாள் இல்லை, பேச்செல்லாம் இன்றைய பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அக்காவின் அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "அவனுக்கும் இந்நேரம் முட்டி பிடிச்சிருக்கும். எங்க வீட்டு முட்டி அப்படி" என்றார்.

"எனக்கும்தான் ரெண்டு மாசமா வலிக்குது அத்தை. கேக்க நாதியில்லை. இல்லாத மச்சான் முட்டிக்கு இவ்வளவு விசாரிப்பு" என்றார் அக்காவின் கணவர்.

"இல்லாதன்னு சொல்லாதீங்க மாப்பிள்ளை. இங்க இல்லாதன்னு சொல்லுங்க."

"சரி, இங்க இல்லாத முட்டி."

அம்மாவே முதலில் சிரித்தார். எனக்குத்தான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அதைக் கவனித்திருக்க வேண்டும். மறுநாள் கடையில் சொன்னார்: "முதல் அஞ்சு வருஷம் அழுதோம். எதிர்வீட்டுக்காரங்க பேசறதையே நிறுத்திட்டாங்க. அப்புறம் ஒருநாள் அம்மா, அவன் கதவைத் திறந்து உள்ள வந்தா வீடு வீடாட்டம் இருக்க வேணாமான்னு கேட்டாங்க. அந்த வாரமே சுவத்துக்கு வெள்ளையடிச்சோம்."

போன வருடம் காவல்துறையிலிருந்து அழைப்பு வந்தது. பழைய கோப்புகளைத் தூசி தட்டுவதற்கென்று ஒரு பெண் இன்ஸ்பெக்டரைப் போட்டிருந்தார்கள். நிலையங்களின் பலகைகளில் ஒட்டடையின் பதினெட்டு வயதுப் படம்தான் அதுவரை இருந்தது. "அதை வச்சுத் தேடினா காலேஜ் பையனைத்தான் பிடிச்சுட்டு வருவாங்க" என்றாராம் இன்ஸ்பெக்டர். இப்போது நாற்பத்து மூன்று வயதில் எப்படி இருப்பான் என்று கணினியில் வரைந்து புதுப் படம் ஒட்டப் போகிறார்கள். ஒரு கோப்புக்கு ஒரு படம்.

அக்காவும் அம்மாவும் போய்விட்டு வந்தார்கள். அக்கா முகம் சரியில்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நம்ம ஆளு இல்லை. படம் வரையறவரு கண்ணாடியே இல்லாம வரைஞ்சு வச்சிருக்காரு. போடுங்கன்னா, கடைசியில ஏதோ ஒரு ஃபிரேமை எடுத்து மூக்குமேல ஒட்டினாரு. ஜன்னல் மாதிரி இருக்கு. நாளைக்கு நீயும் வா. வர்றப்போ மைனஸ் நாலரை பவர்ல ரெண்டு லென்ஸ் வெட்டி, அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் ஃபிரேம்ல போட்டுக்கிட்டு வா."

"நாலரையா?"

"பத்தொன்பது வயசுல அவனுக்கு மூணே கால். அப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கும். நாலரையில நின்னிருக்கும்." வாடிக்கையாளரின் சீட்டைப் படிப்பதுபோலச் சொன்னார்.

காவல் அலுவலகத்தின் மாடியில் ஒரு சின்ன அறை. படம் வரைபவர் என் வயதுக்காரர்தான், கழுத்தில் ஹெட்போன். திரையில் ஒட்டடை இருந்தான். நெற்றி ஏறியிருந்தது, வாயோரம் இரண்டு கோடுகள். அம்மா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கன்னத்துல இன்னும் கொஞ்சம் சதை போடுப்பா. நாற்பது தாண்டினா எங்க ஆளுங்களுக்கு உடம்பு வச்சிடும்."

"ஒட்டடைக்கு உடம்பா?" என்றார் அக்கா.

"ஏன், அவனுக்கு மட்டும் வைக்காதா? எங்கயோ நல்லா சாப்பிடறான்."

வரைபவர் மௌஸை நகர்த்தினார். கன்னம் உப்பியது. கூடவே கண்கள் இரண்டும் விலகின.

"கண்ணைத் தொடாதீங்க" என்று அக்கா பதறினார். "தொப்பை வரும், வழுக்கை வரும். ரெண்டு கருவிழிக்கு நடுவுல இருக்கிற தூரம் மட்டும் வளர்ந்த ஆளுக்கு மாறாதுங்க. நாங்க அதை அளந்துதான் சாப்பிடறோம்."

வரைபவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அன்று அங்கே நான் செய்த முதல் காரியம் அது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து மேசையோரத்தில் சாய்ந்து நின்றார். கறாரான ஆள் இல்லை, ஆனால் நேரத்தைப் பார்ப்பவர். "அம்மா, நான் ஒளிக்காம சொல்லிடறேன். கண்ணாடி போட்டுப் படத்தை ஒட்டிட்டோம்னு வைங்க. அவர் கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா? ஆபரேஷன் பண்ணிக் கண்ணாடியையே தூக்கி எறிஞ்சிருந்தா? பக்கத்து வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியாது. கண்ணாடி இல்லாத முகம்னா ரெண்டு வகையிலயும் கொஞ்சம் உதவும். அடுத்த படம் பத்து வருஷம் கழிச்சுத்தான் போட விடுவாங்க."

"அப்போ எனக்கு எண்பத்தி நாலு" என்றார் அம்மா. வருத்தமாக எல்லாம் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அக்கா தன் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஒரு வாடிக்கையாளர் முன்னாலும் அவர் இப்படித் தயங்கி நான் பார்த்ததில்லை.

"நீ சொல்லும்மா. புகார் குடுத்தது நீதான், கையெழுத்தும் உன்னோடதுதான். எனக்குக் கண்ணாடி வேணும்னு தோணுது. ஆனா தப்பாப் போச்சுன்னா..."

"கண்ணாடி இல்லாமதான் லட்சணமா இருக்கான்" என்றார் அம்மா. "அப்படியே இருக்கட்டுமே."

அக்கா என் பக்கம் திரும்பினார். நான் வரைபவரிடம், கண்ணாடி போடாத படத்தை ஆள் முக அளவில் அச்செடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருந்தது. தாள் வந்ததும் அம்மாவின் முன்னால் மேசைமேல் வைத்தேன். பையிலிருந்து கறுப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடியை எடுத்து, அந்த முகத்துக்கு மேலே ஒரு விரற்கடை உயர்த்திப் பிடித்தேன்.

மைனஸ் லென்ஸ் எதையும் சின்னதாக்கிக் காட்டும். கண்கள் சுருங்கி உள்ளே போயின. ஃபிரேமின் ஓரத்தில் கன்னத்தின் கோடு உடைந்து, ஒரு படி இறங்கியதுபோல உள்ளே தள்ளிப்போனது.

அம்மா குனிந்தார். அவருடைய கண்ணாடி நழுவியது, ஒரு விரலால் ஏற்றிக்கொண்டார்.

"ஆங்" என்றார். "இவன்தான்."

கண்ணாடி நகராமலிருக்க இரண்டாவது கையாலும் பிடித்துக்கொண்டேன். அம்மா அந்தச் சின்னக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா இது, இப்படி இளைச்சுட்டே" என்று தாளிடம் கேட்டார்.

"இப்போதானேம்மா சதை போடச் சொன்னே!" என்றார் அக்கா. இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு வாக்குவாதம் இல்லை. கண்ணின் அளவு, கன்னம் எவ்வளவு உள்ளே தள்ள வேண்டும், லென்ஸின் ஓரத்தடிமன் எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல வரைபவர் வரைந்தார். ஃபிரேமுக்கு மட்டும் ஒரு சின்னச் சண்டை. அம்மா தங்க நிறம் கேட்டார். "கண்ணாடி மேலயே உட்கார்ந்து உடைக்கிறவனுக்குத் தங்கமா?" என்று அக்கா கறுப்பு பிளாஸ்டிக்கையே போடவைத்தார். "கொஞ்சம் சிரிக்கவும் சொல்லுங்க" என்றார் வரைபவரிடம், பழக்கதோஷத்தில். அம்மா கையெழுத்துப் போட்டார்.

படம் பலகைகளில் ஏறியது. முதல் மாதம் மூன்று பேர் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். ஒருவர் சொன்ன ஆள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், இன்னொருவர் சொன்னது ஒரு லாரி ஓட்டுநரை. மூன்றாவது ஆளைப் பார்க்க அக்காவும் கணவரும் ஏழு மணி நேரம் பஸ்ஸில் போனார்கள். அது அவன் இல்லை. திரும்பி வந்த அன்று நான் என்ன கேட்பது என்று தெரியாமல் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்காவே தடுப்பைத் தட்டினார்.

"நல்ல மனுஷன்டா. சாப்பிடாம அனுப்ப மாட்டேன்னுட்டாரு. ஃபிரேம் ஒரு பக்கம் இறங்கியிருந்துச்சு, சரி பண்ணிக் குடுத்துட்டு வந்தேன். பவர் எவ்வளவு தெரியுமா? நாலே முக்கால். கிட்டத்தட்ட வந்துட்டோம்." மதியம் வழக்கம்போல எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். கோப்பு இப்போது இன்ஸ்பெக்டரின் மேசைமேல்தான் இருக்கிறதாம், பரணில் இல்லை. அம்மாவுக்கு அதில் பெரிய நிம்மதி.

நான்கைந்து மாதம் கழித்து, கடையின் முதலாளியம்மா சரக்கு எண்ண வந்திருந்தபோது, கண்ணாடி விஷயத்தில் அக்கா அன்று விடாப்பிடியாக நின்றதைச் சொன்னேன். அவர் எண்ணுவதை நிறுத்தினார்.

"உனக்குத் தெரியாதா? அவ இங்க வேலை கேட்டா வந்தா? ஒரு கைக்குட்டையில கண்ணாடியைச் சுத்தி எடுத்துக்கிட்டு வந்தா. தம்பி இதை மேசையில வச்சுட்டுப் போயிட்டான், இது இல்லாம எதிர்ல வர்ற பஸ்ஸே அவனுக்குத் தெரியாது, எப்படியும் ஒரு கடைக்குப் போயே ஆகணும், இந்தப் பவர்ல யாராவது வந்து செஞ்சாங்களான்னு கேட்டா. வரலையேன்னேன். நாளைக்கு வருவானான்னா. நான் என்னத்தைச் சொல்றது? ஸ்டூலைக் காட்டி உட்காருன்னேன். மூணாவது நாள் கடையில செம கூட்டம். சும்மாதானே இருக்கே, இதைக் கொஞ்சம் பிடின்னு ஃபிரேம் தட்டைக் கையில குடுத்தேன்."

அதற்கு முன்பு அக்கா பத்துக் கடை ஏறி இறங்கியிருக்கிறார். எங்களுடையது பதினோராவது.