அண்டாவில் வெட்டிய பெயர்

லால் பஜாரில் பாத்திரம் வாங்கப் போகிறவர்கள் ஆட்டோக்காரனிடம் "அபயாம்பாள் கடை" என்றுதான் சொல்வார்கள். பலகையில் வேறு பெயர் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. திருமுல்கேரியில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த நாளில், அவள் மாமனாரைப் பெற்றவர் எனாமல் குவளையும் தகர வாளியும் தலையில் சுமந்து சிப்பாய்களுக்கு விற்று ஊன்றிய கடை அது. துரைமார் போனார்கள், எனாமல் போனது, எவர்சில்வர் வந்தது. இன்றைக்கும் பட்டாளத்துக் குடும்பம் எது மாற்றலாகி வந்து இறங்கினாலும் முதல் வாளியும் முதல் குக்கரும் அங்கேதான்.

அபயாம்பாள் மாயவரத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பத்தொன்பது வயதில் வாக்கப்பட்டு, தெருவில் தமிழ்ப் பலகையே இல்லாத இந்த ஊருக்கு வந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவர் விட்டுப்போனவற்றில் அவள் ஆசையாகத் தொடுவது பெயர் வெட்டும் மெஷினை. பேனா மாதிரிப் பிடித்து அழுத்தினால் வண்டு போல ரீங்காரமிட்டுக்கொண்டு எவர்சில்வரில் எழுத்தைக் கீறும். எந்தப் பாத்திரமானாலும் முதலில் ஒரு பிள்ளையார் சுழி போடுவாள், பிறகுதான் பெயர். சுழியின் வால் அவளுக்கு மட்டும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சாமி கும்பிடுவார்கள். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. அதனால் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பெயர் கேட்பார்கள். இருபத்தாறு எழுத்தையும் கோலம் போலப் பார்த்துப் பழகி வைத்திருந்தாள் அபயாம்பாள். சேர்த்துப் படிக்கச் சொன்னால் வராது.

ஒரு வியாழக்கிழமை காலை, கற்பூரம் அணைவதற்குள் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் சந்திரசேகரன். பஜார் வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் செக்ரட்டரி. அபயாம்பாள் கடை இருக்கும் கட்டடமும் அவர் குடும்பத்துடையது. பின்னாலேயே மூன்று கோணிச் சாக்குகள் இறங்கின.

"அக்கா, தங்கச்சி காஞ்சனாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். எங்க அம்மா பாத்திரமெல்லாம் பரண்ல சும்மா கெடக்கு. பழைய பேரைத் தேய்ச்சுட்டு காஞ்சனான்னு இங்கிலீஷ்ல போட்டுக் குடு. பளபளன்னு இருக்கணும், ஹவ்? சரியா?"

"அதுக்கென்ன தம்பி, பேஷாப் பண்ணிடலாம்."

சாக்குகளைப் பிரித்தாள். மேலே ஒரு சின்னப் பித்தளைச் சொம்பு. அதற்குக் கீழே பெரிய அண்டா, இட்லிப் பானை, ஐந்து அடுக்கு, தூக்கு, சம்படம். அண்டாவை வெளிச்சத்துக்குத் திருப்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விளிம்புக்குக் கீழே வால் தூக்கிய சுழி. அவள் போட்டது.

'வித்யாலட்சுமி. தை 2019. அம்மா வசந்தகுமாரி சீர்.'

அந்தத் தையை அவள் மறக்கவில்லை. மாரெட்பள்ளியிலிருந்து வசந்தகுமாரி வந்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் தட்டிப் பார்த்து, "தமிழ்லயே போடுங்க, அது என் பொண்ணுக்கு நான் பக்கத்துல இருந்து எழுதப் படிக்கக் கத்துக்குடுத்தது" என்று ஒரு பகல் முழுக்கக் கடை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை சந்திரசேகரனின் தம்பி ஷ்யாம். ஐந்து வருஷம் கூடத் தாங்கவில்லை அந்தக் கல்யாணம். சங்கத்து ஹாலில் பெரியவர்கள் கூடிப் பேசி, பாத்திரத்தில் யார் பேர் இருக்கிறதோ அது அவர்களுக்கு என்று தீர்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பிரித்து அனுப்பியதில் வித்யாலட்சுமி வீட்டுக்குத் திரும்பிப் போனது நாலு டம்ளரும் ஒரு டிபன் கேரியரும். மீதியைக் கேட்டு அவள் மறுபடி அந்தப் படி ஏறவில்லை. இதெல்லாம் பஜாருக்கே தெரியும்.

"தம்பி, இது உங்க அம்மாது இல்லை. வித்யாலட்சுமியோட சீர்."

சந்திரசேகரன் சிரித்தார். "நக்கோ அக்கா, காலையிலேயே தமாஷ் வேணாம். அவ பேரு இங்கிலீஷ்ல இருந்ததெல்லாம் அன்னிக்கே எடுத்துக் குடுத்தாச்சு. தமிழ் எழுத்து இருந்தா அது அம்மாது. எங்க வீட்டுல தமிழ் எழுதினது அம்மா ஒருத்திதானே?"

அப்போதுதான் அபயாம்பாளுக்கு விளங்கியது. மனுஷன் திருடவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. தமிழ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் செத்துப்போன அம்மா கணக்கில் ஒதுக்கிப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

"தெரியாமப் பண்ணிட்டீங்க, தப்பில்லை. இப்பத் தெரிஞ்சுடுத்தே. அந்தப் பொண்ணு வீட்டுக்கு அனுப்பிடுங்கோ."

சந்திரசேகரனின் சிரிப்பு இறங்கியது. தெருவில் இரண்டு பேர் நின்று பார்க்கிறார்கள். காஞ்சனாவின் மாப்பிள்ளை வீட்டில் பாத்திரம் தயார் என்று வேறு சொல்லியாகிவிட்டது.

"நீ படிக்கிறதுதான் சரின்னு யாரு சொன்னா? நாலு கோடு கீறத் தெரிஞ்சா பண்டிதரா நீ? தேய்க்கச் சொன்னா தேய்."

"தேய்க்க மாட்டேன்."

"கைக்கு? ஏன்?"

"சுழி போட்டு வெட்டினது, தம்பி. பிள்ளையார் சாட்சி. ஒருத்தி பேரை நானே வெட்டி நானே அழிச்சா, நாளைக்கு எந்தக் கையால விளக்கேத்துவேன்?"

"விளக்கு எந்தக் கடையில ஏத்துவேன்னு முதல்ல யோசி," என்றார் அவர். "கட்டடம் யாருதுன்னு ஞாபகம் இருக்கா?"

அபயாம்பாள் வாசலைப் பார்த்தாள். முப்பத்து நாலு வருஷம் பெருக்கிக் கோலம் போட்ட வாசல். இந்த வயதில் இதை விட்டால் வேறு எங்கே போவது? ஆனால் வாய் அதற்கு முன்னாலேயே பேசிவிட்டது.

"கட்டடம் உங்களுது. மெஷின் என்னோடது. கையும் என்னோடது."

எழுந்து அண்டாவைத் தூக்கி வாசல் படியில் வைத்தாள். பானை, அடுக்கு, தூக்கு, எல்லாவற்றையும் பெயர் தெருவைப் பார்க்கும்படி வரிசையாக அடுக்கினாள். பக்கத்தில் ட்ரங்குப் பெட்டி விற்கும் அப்துல் ரஹீம் சுத்தியலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"படிக்கத் தெரிஞ்சவங்க யாரு வேணா வந்து படிக்கட்டும்," என்றாள்.

சந்திரசேகரன் தெருவை ஒரு சுற்றுப் பார்த்தார். "யாரு? இந்த பஜார்ல எவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்?"

"ஏன், என் வீட்டுக்காரிக்குத் தெரியும்," என்றார் அப்துல் ரஹீம். "வாணியம்பாடிக்காரி. எட்டாங்கிளாஸ் வரைக்கும் தமிழ் ஸ்கூல்லதான் படிச்சா. வேணாம்னா விடுங்க செக்ரட்டரி சாப், நம்மளுக்கு என்ன."

வேண்டாம் என்றால் பயந்ததாகிவிடும் என்று சந்திரசேகரனுக்குத் தோன்றியது. "கூப்பிடு. அக்கா, நீ வாயைத் தொறக்கக் கூடாது."

அபயாம்பாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மாடி வீட்டிலிருந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே சபீனா இறங்கி வந்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள். அண்டாவைக் குனிந்து பார்த்தாள்.

"வித்யா... லட்சுமி. தை. ரெண்டாயிரத்துப் பத்தொம்பது. அம்மா வசந்தகுமாரி சீர். எல்லாத்துலயும் இதேதான் இருக்கு அண்ணா. கைக்கு கேக்குறீங்க? பால் பொங்கிடும், நான் போவட்டா?"

தெருவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சந்திரசேகரன் முகம் கன்றியது.

அபயாம்பாள் வாயிலிருந்து கையை எடுத்தாள். சிரிக்கவில்லை. உள்ளே போய் அந்தச் சின்னப் பித்தளைச் சொம்பை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். அதில் எழுத்து கீறலாக இல்லை. உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளிபுள்ளியாகத் தட்டியது.

"தாயம்மாள்னு போட்டிருக்கு. என் மாமனார் கைவேலை. மூணு சாக்குலயும் உங்க அம்மாது இது ஒண்ணுதான் தம்பி. பத்திரமா வச்சுக்கோங்க."

அவர் கட்டை விரல் புள்ளிகளின் மேல் இரண்டு முறை போய் வந்தது. அம்மாவின் பெயரைப் பார்த்தும் அடையாளம் தெரியாத பிள்ளை. அப்புறம் தெரு ஞாபகம் வந்துவிட்டது.

"மாசக் கடைசிக்குள்ள கடை காலியாகணும்," என்று சொல்லிவிட்டு, சொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

அபயாம்பாள் சொல்லியனுப்ப, அன்று மத்தியானமே வித்யாலட்சுமி தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அண்டாவைப் பார்த்ததும் அழுவாள் என்று அபயாம்பாள் முந்தானையைத் தயாராக வைத்திருந்தாள். அவள் அழவில்லை. விரலால் அண்டாவைச் சுண்டி, ஓசை அடங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கஷ்டம் வரும் போலிருக்கே ஆன்ட்டி."

"வரட்டும். வந்து உக்காரட்டும், முக்காலி காலியாத்தான் இருக்கு. நீ முதல்ல ஏத்து, ஆட்டோக்காரன் கத்துறான்."

நாலாம் நாள் சங்கத்துப் பியூன் ஒரு நீளக் கவரும் ஒரு நோட்டும் கொண்டுவந்தான். கவருக்குள் இங்கிலீஷில் டைப் அடித்த காகிதம். எழுத்துகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்தவைதான். சேர்த்துப் படிக்கத்தான் வரவில்லை. விஷயம் என்னவென்று படிக்காமலேயே தெரிந்தது.

"வாங்கிக்கிட்டேன்னு இதுல கையெழுத்துப் போடு அம்மா," என்று நோட்டை நீட்டினான் பியூன்.

அபயாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். சாமி படத்தை ஒரு தரம் பார்த்தாள். முதலில் வால் தூக்கிய சுழி. அதற்குக் கீழே நிதானமாக, அண்டாவில் வெட்டுகிற அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதினாள். பெயரோடு நிற்கவில்லை, இன்னும் ஒரு வரி போயிற்று.

பியூன் நோட்டைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தான். "இவ்ளோ பெரிய பேரா? என்னம்மா எழுதியிருக்கே?"

"அபயாம்பாள். காலி பண்ண மாட்டேன்," என்றாள். "ஆனா நீ சொன்னா உங்க செக்ரட்டரி நம்ப மாட்டார். நோட்டை எடுத்துண்டு அவரையே வரச் சொல்லு. சபீனா மாடியிலதான் இருக்கா, படிச்சுக் காட்டுவா."

காகிதத்தை நாலாக மடித்து, கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்த மெஷின் பலகையின் காலுக்கு அடியில் சொருகினாள். ஆட்டம் நின்றது. மெஷினின் சுவிட்சைப் போட்டாள்.