நாடியில் விழுந்த துளை

“காலை 10.20. பென்னாகரம். பெண், வயது 24. பிரசவமாகி இரண்டு மணி நேரம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. நாடி 1–0.” நான் கோடு போட்டிருக்கும் இடத்தில் சீட்டில் எண் இல்லை, ஒரு வட்டத் துளை இருக்கிறது. தேதி எழுதும் வழக்கம் இதை எழுதிய நர்ஸம்மாவுக்குக் கிடையாது. பின்பக்கம் பென்சிலில் ‘1971 அல்லது 72’ என்று குறித்தவன் நான்.

போன வாரம் அதியமான்கோட்டை நெரிசலில் ஓர் ஆம்புலன்ஸ் நின்றது. உள்ளிருந்த இளைஞர் நோயாளியின் நிலையை ஆஸ்பத்திரிக்குக் கைப்பேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து இந்தச் சீட்டைத் தேடி எடுத்தேன்.

அப்போது தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கிளார்க். ஏரியூர்ப் பக்கத்து நோயாளிகளைக் கொண்டுவரும் வேன் பல நோயாளிகளைவிட மூத்தது. மேடு கண்டால் கொதிக்கும். டிரங்க்கால் போட்டால் லைன் கிடைப்பதற்குள் அந்த வேனே வந்துவிடும். ஆகவே பென்னாகரத்தில் வேனுக்குத் தண்ணீர் ஊற்றும்போது, கூட வரும் நர்ஸம்மா ஒரு சீட்டு எழுதி, புறப்படும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுப்பார். பஸ் முந்திவந்து எங்கள் வாசலில் நிற்கும். கண்டக்டர் ராயப்பன் வழியெல்லாம் அதை உரக்கப் படிப்பார். தருமபுரி வருவதற்குள் பஸ் முழுக்க வைத்தியர்கள்.

அன்று பெரிய டாக்டர் மாரண்டஹள்ளி முகாமுக்குக் கிளம்பி, ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்தார். ராயப்பன் நீட்டிய சீட்டில் துளை.

“பழக்க தோசங்க. கையில எந்தக் காயிதம் வந்தாலும் பஞ்ச் அடிச்சுப்புடுது.”

“நூத்திப் பத்தா, நூத்தி அம்பதா? நீதானேய்யா படிச்சே?” என்றார் டாக்டர்.

“எனக்கு டிக்கெட்டு நம்பருதாங்க நெனப்புல நிக்கும்.”

நூற்றிப்பத்து என்றால் சின்ன டாக்டரே பார்த்துக்கொள்வார், இவர் போகலாம். அதற்கு மேல் என்றால் ரத்தம் நிறையப் போயிருக்கிறது, இவர் இருந்தாக வேண்டும். நான் சீட்டை வெயிலில் பிடித்து, துளையின் விளிம்பில் ஒரு நேர்க்கோட்டின் நுனி தெரிவதாகவும், ஆகவே 110 என்றும் விளக்கினேன். அந்த வயதில் எதையும் விளக்குவேன்.

பஸ் ஜன்னலில் புளிக்கூடையோடு இருந்த அம்மாள் குறுக்கிட்டார். “நூத்தி முப்பதுங்க. இண்டூர்ல ஒருக்கா, சோகத்தூர்ல ஒருக்கா படிச்சாரு. பின்சீட்டுக்காரரு நூத்தி அம்பதுங்கிறாரு, அவரு பாதித் தூக்கம்.”

“நூத்திப் பத்துன்னு யாராச்சும் கேட்டீங்களா?” என்று டாக்டர் பஸ்ஸைப் பார்த்துக் கேட்டார்.

பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டாக்டர் ஜீப்பிலிருந்து காலை எடுத்தார்.

“கிளார்க் சார், நீங்க ஓட்டைய ஆராய்ச்சி பண்ணுங்க. நான் தியேட்டர்ல இருக்கேன்.”

வேன் வந்தபோது அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் நாடி அகப்படவே இல்லை. ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும்வரை ராயப்பன் விசில் ஊதவில்லை. நேரமாகிறதென்று யாரும் சொல்லவும் இல்லை. அவள் பிழைத்தாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வாசலில் பஸ் நிற்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு ஜன்னல் என்னைக் கேட்டது: “அந்தப் பொண்ணு எந்திரிச்சு உக்காந்துருச்சுங்களா?”

இப்போது செய்தி நொடியில் ஆஸ்பத்திரி போய்விடுகிறது. நல்லதுதான். ஆனால் போன வாரம் நெரிசலில் ஆம்புலன்ஸை ஒட்டி நின்ற பஸ்ஸில், உள்ளே யார், என்ன நிலை என்று ஒருவருக்கும் தெரியாது.

ஓய்வுபெற்ற பின் நர்ஸம்மாவைப் பார்த்து அந்த எண்ணைக் கேட்டேன். “பொழச்சுக்கிட்டாளே, அது பத்தாதா உங்களுக்கு?” என்றார். ஆகவே 130 என்பது பஸ் பயணிகளின் வாக்கு மட்டுமே, இன்றுவரை உறுதிப்படவில்லை.