டெங்குவும் மீன்பெட்டியும்

டிங். டிங், டிங். பகலில் தூங்கி, பொழுதுபட்டு நான் கண்ணைத் திறக்க முதலே தொழில் கூப்பிட்டுவிடும். டெங்குக் காலத்தில் வாட்ஸப் குழுக்களில் சுற்றும் புரளிகளை இரவு முழுக்கக் கேட்டு, எது எங்கிருந்து கிளம்பியது என்று தேடி, டாக்டரிடம் விசாரித்துச் சரியான பதிலை விடியுமுன் அனுப்புவது என் வேலை. எவரும் கற்றுத்தரவில்லை, இரவில் நித்திரை வராதவனுக்குத் தானாக அமைந்தது. குடும்பக் குழுவை விட்டு வெளியேறவும் முடியாமல், உள்ளே இருக்கவும் முடியாமல் தவிப்பவர்களே, உங்களுக்குத்தான் இது.

கொழும்பு டாக்டர்

டெங்கு நுளம்பு முழங்காலுக்கு மேலே பறக்காதாம். அதுவரை தேங்காய் எண்ணெய் பூசினால் போதுமாம். 'கொழும்புப் பெரிய டாக்டரின்' குரல் என்று ஊரெல்லாம் பரவியது. தேடிப் போனால், குரலுக்குச் சொந்தக்காரர் காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர், ஊர் அழைப்பில் 'காக்கா'. "எப்ப டாக்டரானீங்க?" என்றேன். துணியை மடித்தபடியே சொன்னார்:

"நான் டாக்டர் எண்டு எங்க தம்பி செல்லிரிக்கன்? சனம் மரியாதையா டாக்டர் எண்டா, இல்லை எண்டு மூஞ்சில அடிச்ச மாதிரிச் செல்லவா?"

புளி விடாத செய்தி

அடுத்தது ஆளைக் கொல்லும் புரளி. 'காய்ச்சல் விட்டால் டெங்குவும் விட்டது, ஆஸ்பத்திரி தேவையில்லை.' இது போனில் பரவவில்லை. ஆரையம்பதியில் காலையில் கேட்டது, மத்தியானம் வாவிக்கு அந்தப் பக்கம் பழுகாமத்தில் கேட்டது. மீன்காரர் கணேசண்ணன் மோட்டார்சைக்கிளில் போகிற பாதை அது! மீனோடு செய்தியும் கொடுப்பது அவர் வழக்கம்.

மறித்தேன். "அண்ணே, காய்ச்சல் விடுற நேரந்தான் ஆபத்து. வயித்துக்குத்து, வாந்தி சத்தி, சோர்வு எண்டா உடனே ஆஸ்பத்திரி. இனி இதைச் சொல்லுங்க."

பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு யோசித்தார்.

"உண்மைதான் தம்பி, ஆனா ருசி இல்லையே. ஒள்ளுப்பம் புளி விடட்டா?"

அத்தான்

அதே கிழமை பழுகாமத்தில் என் அக்காவின் புருஷனுக்கு டெங்கு. காய்ச்சல் விட்ட அன்று மத்தியானம் அத்தான் சாரத்தை மடித்துக் கட்டி வட்டைக்கு வெளிக்கிட்டார், வயலில் தண்ணி பார்க்கவாம். அதற்குள் இரண்டு தரம் சத்தி. வயிற்றைப் பிடித்தபடி நின்றார். அக்கா அழுதாள். நான் டாக்டரின் செய்தியைக் காட்டிக் கெஞ்சினேன்.

"போனைக் கொண்டு போடா. மற்றப் பொய்யெல்லாம் இதுக்குள்ளாலதானே வந்தது?"

ஹெலிகொப்டர்

அப்போது வாசலில் கணேசண்ணன். மீனை நிறுத்துக்கொண்டே அக்காவிடம் தொடங்கினார். "கேட்டியா புள்ள, அங்கால ஒரு போடியார், பெரிய வயல்காரர். காய்ச்சல் விட்டதெண்டு வயலுக்குப் போனவர், சத்தி எடுத்து வரம்பிலயே விழுந்திட்டார். ஏத்திப் போக ஹெலிகொப்டர் வந்ததாம்!" போடியாரும் இல்லை, ஹெலிகொப்டரும் இல்லை. சத்தி மட்டும் நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. அத்தான் கதவு நிலையைப் பிடித்தபடி மெதுவாய் உட்கார்ந்து, ஓட்டோ பிடிக்கச் சொன்னார்.

இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். சேலைன் ஏறி முகம் தெளிந்ததும், அத்தான் என்னைக் கோபமாய்ப் பார்த்தார்:

"இதே வேலையாத் திரியிறாய், ஹெலிகொப்டர் வந்ததை ஏன்டா சொல்லேல்ல?"

உண்மையைத் தேடிப் பிடிக்க நான் இருக்கிறேன், அதை வீடு வீடாய்க் கொண்டு போக மீன்காரர் இருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அக்கா வீட்டுக்குத் திரும்பி, முற்றத்தில் நுளம்பு பெருகும் மழைத்தண்ணியோடு கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளை ஒவ்வொன்றாய்க் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றத் தொடங்கினேன்.