எதிர்க்கடைக்கு நான் அனுப்பிய கூட்டம்

சுற்றுலா வந்த ஒரு குடும்பம் எங்கள் கடைப் படிகளில் பாதி தூரம் இறங்கிவிட்டது. கோத்தகிரியில் சாலை மட்டத்துக்குக் கீழே, பதினோரு படி இறங்கினால் வரும் தேயிலைக்கடை எங்களுடையது. அப்பா எழுந்து நின்று "வாங்க, வாங்க" என்றார். அதற்குள் மேலிருந்து அவர்களின் கார் டிரைவர் கத்தினார்:

"சார், அங்க எல்லாம் கலப்படமுங்க! எதுத்தாப்ல பெரிய கடை இருக்குது, மேல வாங்க."

திரும்பி ஏறிப் போய்விட்டார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் பெரிய கடையின் முதலாளி நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார். ஆள் கொண்டுவரும் டிரைவர்களுக்கு அவர் மதியச் சோறும் கமிஷனும் தருவது ஊரறிந்த விஷயம்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த நொடியில்தான் எனக்குத் தோன்றியது. டிரைவர் வாயைத் திறக்கும் முன்பே, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும் முன்பே, ஊரில் பெட்டி கட்டும்போதே இவர்கள் எங்கள் கடைக்கு வருவதென்று முடிவு செய்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வெப்சைட் வேண்டும். வியாபாரம் பெருகும் என்று அப்பாவிடம் சொன்னேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த ஆள் சிரிப்பை நிறுத்த வேண்டும்.

அவசரமும் இருந்தது. எங்கள் இடத்தைத் தன் அட்டைப்பெட்டிகளுக்குக் குடோனாகக் கொடுக்கும்படி எதிர்க்கடை முதலாளி அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். "சீசன் முடியட்டும், சொல்றேனுங்க" என்று அப்பா தள்ளிப்போட்டிருந்தார். சீசன் முடிய இரண்டே மாதம். அதற்குள் படியில் ஆள் இறங்காவிட்டால் கடை போய்விடும்.

கோவையில் மூன்று வருடம் கம்ப்யூட்டர் படித்ததை ஒரே வாரத்தில் கொட்டினேன். மலைக்கு வருகிறவர்கள் இணையத்தில் என்னவெல்லாம் தேடுகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் எழுதினேன். நல்ல தேயிலை எங்கே கிடைக்கும், பச்சைத் தேயிலையை எப்படிக் காய்ச்சுவது, மழைக்காலத்து இலைக்கும் பனிக்காலத்து இலைக்கும் என்ன வித்தியாசம். சுற்றுவட்டாரத்தில் அறை வாடகைக்கு விடும் வீடுகளுக்கெல்லாம் ஸ்கூட்டரில் போய், மேசைமேல் வைக்கச் சின்னத் தேயிலைப் பொட்டலங்கள் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் எங்கள் வெப்சைட் முகவரி.

கடைக்கு வழி எழுதும் இடத்தில் கதவு எண்ணையும் தெருவையும் போட்டேன். அப்பா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நம்மூர்ல கதவு நம்பரைப் பார்த்து எவன் வந்தான்? பெரிய கடைக்கு நேர் எதுத்தாப்லன்னு போடு கண்ணு. தபால்காரரே அப்பிடித்தான் வர்றாரு."

சரிதானே என்று அப்படியே போட்டேன். ஊர்ப் பழக்கம்.

வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் நாளுக்கு நாள் கூடினார்கள். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தேன். ஆனால் படியில் ஆளில்லை. எதிரே மட்டும் கார்கள் வரிசை கட்டின. ஒரு நாள் முதலாளி அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"என்னங்க அம்மிணி, கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றீங்களாமா? நல்லாப் பண்ணுங்க. இந்த வருசம் நம்ம கடையில கூட்டம் தாங்கல!"

வெறும் நக்கல் என்று நினைத்தேன். மறுநாள் ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்யும்வரை.

"ஏனுங்க, உங்க வெப்சைட்டைப் பார்த்துத்தான் வந்து வாங்குனோம். எம்பொண்ணு தெரியாம பச்சைத்தண்ணியில போட்டுட்டா. போட்டவுடனே செக்கச்செவேல்னு சாயம் ஓடுதுங்க. இதுதான் நல்ல தேயிலையா?"

"அக்கா, படி இறங்கி வந்தீங்களா?"

"படியா? ரோட்டு மேலயேதானுங்க இருந்துச்சு கடை. பெரிய கடைன்னுதானே போட்டிருந்தீங்க?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முந்தின வளைவில் கொஞ்ச தூரம் போன் சிக்னல் போய்விடும், மேப் நின்றுவிடும். வந்தவர்கள் நான் எழுதிய வரியை நம்பிக் காரை விட்டு இறங்கியிருக்கிறார்கள். பெரிய பலகை கண்ணில் பட்டதும் அதுதான் கடை என்று நுழைந்திருக்கிறார்கள். சாலைக்குக் கீழே இருக்கும் எங்களை யாருக்குத் தெரியும்? டிரைவர்களாவது கமிஷன் வாங்கினார்கள். நான் சும்மாவே அனுப்பியிருக்கிறேன்.

அப்பா கேட்டுவிட்டு, "விடு கண்ணு. சீசன் இந்த வாரத்தோட முடியுது. குடோன் விசயத்துக்கு ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்னு அவன்கிட்டச் சொல்லியாச்சு" என்றார். தோற்றவர் குரல் அது. 

அந்த வரியை அழிக்கப் போனேன். விரல் நின்றது. ஈரோட்டு அம்மா சொன்ன சாயம் நினைவுக்கு வந்தது. முதலில் எங்கள் இலையை ஒரு சிட்டிகை எடுத்துப் பச்சைத்தண்ணீரில் போட்டுக் காத்திருந்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நெடுநேரம் கழித்துத்தான் மெல்ல ஒரு தேன்நிறம் இறங்கியது. சாயம் கலக்காத இலை அப்படித்தான்.

எதிரே "சொந்தத் தோட்டத் தேயிலை" என்று ஆளுயரப் பலகை. அவருக்குத் தொட்டியில்கூட ஒரு தேயிலைச்செடி கிடையாது.

வரியை அழிக்கவில்லை. அதன் கீழே இன்னும் கொஞ்சம் எழுதினேன். "முதலில் பெரிய கடைக்குப் போங்கள். எந்தத் தோட்டத்து இலை, போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒரு சிட்டிகையைப் பச்சைத்தண்ணீரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு சாலையைக் கடந்து, பதினோரு படி இறங்கி எங்களிடம் வந்து இதே கேள்விகளைக் கேளுங்கள்."

அப்பா இரண்டு முறை படித்தார். "அவன் கடைக்கு நாமளே ஆள் அனுப்பறதா?"

"இத்தன நாள் அனுப்பிட்டுத்தானே இருந்தோம்? இந்த வாட்டி கேள்வியோட அனுப்பறோங்கப்பா."

 அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்தார்.

நாளை சனிக்கிழமை, கூட்ட நாள். காலையில் முதல் கார் வளைவு திரும்பும் முன் கடைசிப் படிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, கண்ணாடித் தம்ளரில் பச்சைத்தண்ணீர் நிரப்பி வைக்கப் போகிறேன். பிறகு மேல்படியில் அவர் நாற்காலிக்கு நேர் எதிராக உட்கார்ந்துகொண்டு, முதல் ஆள் அவரிடம் தண்ணீர் கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்கப் போகிறேன்.