மறுநாள் வலி

வட இங்கிலாந்தில், கீத்லி ஊரில் ஹெட்லி சக்டனைப் பற்றிக் கேட்டால், முதுகு பிடித்துக்கொண்டு அவரிடம் போனவர்கள் நல்ல கை என்பார்கள். அவருடைய தொழிலில் இருப்பவர்கள், எங்களை ஒன்றாக்கிய மனிதர் என்பார்கள். இரண்டும் பொய் இல்லை. அவருடைய அக்காவைத் தெரிந்தவர்கள் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

செருப்புக்கடை மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் ஹெட்லி, இன்னொன்றில் அக்கா எனிட். வாசலில் ஒரே பித்தளைப் பலகை: இருவர் பெயரும், கீழே ஆஸ்டியோபதி என்ற சொல்லும். மருந்தும் கிடையாது, கத்தியும் கிடையாது. மூட்டுகளையும் தசைகளையும் விரலால் தேடி, அழுத்தித் திருப்பிச் சரிசெய்கிற தொழில். ஹெட்லி லண்டனில் நான்கு வருடம் படித்தவர். அந்த நான்கு வருடமும் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டது எனிட். அம்மா போன பிறகு மான்செஸ்டரில் சனி ஞாயிறு வகுப்புகளுக்குப் போய் எனிட்டும் அதே தொழிலைக் கற்றார்.

லண்டனில் படித்தவர்களுக்கு ஒரு சங்கம், சனி ஞாயிறு படித்தவர்களுக்கு இன்னொன்று. ஒரு சங்கத்துக்காரர் மற்ற சங்கத்துக்காரரின் மேசையில் முதுகைக் காட்டிப் படுக்கமாட்டார். டாக்டர்களோ இரு தரப்பையும் சேர்த்தே போலிகள் என்றார்கள். ஒரே சங்கமாகாமல் மரியாதை கிடைக்காது என்று ஹெட்லி ஊர் ஊராக ரயிலில் அலைந்ததில் எழுபதுகள் முழுக்கப் போயின.

"உன் கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு அலையலியே," என்பார் எனிட்.

"கல்யாணமே பண்ணிக்கலியே."

"அதைத்தான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை கடைசி ஆளை அனுப்பிய பிறகு இருவரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு சங்கமும் ஒரே மேசையைப் பகிர்ந்தது அந்த மாடியில் மட்டும்தான்.

கடைசிக் கூட்டம் ஹாரோகேட்டில், ஒரு ஹோட்டலில் நடந்தது. ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: சனி ஞாயிறு படித்தவர்களை அப்படியே சேர்த்துக்கொள்வதா, மறுபடியும் முழுநேரம் படித்துவிட்டு வரச்சொல்வதா? உறுப்பினர்கள் வெளியாளோடு ஒரே கூரையின் கீழ் தொழில் செய்யக்கூடாது என்ற விதி ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அக்காவின் பெயர் வாசலில் நிற்குமா என்பது அந்த ஓட்டில் இருந்தது. எனிட்டுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இனிமேல் போய்ப் படிக்கிற வயது இல்லை.

லண்டன் தரப்பில் எல்லோரும் குரோதர் என்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் கை தூக்குவார்கள். முந்தின நாள் மாலை, காரிலிருந்து இறங்கும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வாதாடி ஜெயிக்க முடியாததை, கூட்டத்துக்குக் கூடவே வந்திருந்த அக்காவின் கை ஜெயித்துவிடும் என்று ஹெட்லிக்குத் தோன்றியது.

"வேண்டாம்," என்றார் எனிட். "இன்னிக்குத் தொட்டா நாளைக்கு வலிக்கும். நாளைக்குத்தானே ஓட்டு?"

"அது அவருக்குத் தெரியாதா? அவரே தினமும் எல்லார்கிட்டயும் சொல்றதுதானே."

நன்றாகச் செய்த சிகிச்சைக்கு மறுநாள் வலி கூடும், அப்புறம் விட்டுவிடும். இதைச் சொல்லாமல் அவர்கள் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. எனிட் குரோதரின் இடுப்பைச் சரிசெய்துவிட்டு அவரிடமும் சொன்னார்.

"எனக்கே பாடமா, அம்மணி?" என்று சிரித்தார் அவர். நிமிர்ந்து நடந்து சாப்பிடப் போனார்.

காலையில் கைத்தடியோடு, கூனிக்கொண்டு வந்தார். பேச அழைத்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நேத்து என் முதுகை ஒரு சனி ஞாயிறு கைகிட்ட ஒப்படைச்சேன். நீங்களே பாருங்க."

அரங்கம் சிரித்தது. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது மறுநாள் வலி என்று தெரியும். அன்று ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. பின் வரிசையில் எனிட் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் தலைமை நாற்காலியில் ஹெட்லி. குரோதரை மறுத்துப் பேசினால் அவர் வெளியேறுவார், பாதி அரங்கம் பின்னால் போகும், சங்கமே இருக்காது. இந்தக் கணக்கில் தவறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் துயரம்.

"ஓட்டெடுப்புக்குப் போகலாம்," என்றார் ஹெட்லி.

சனி ஞாயிறு படித்தவர்கள் மறுபடியும் படித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று முடிவானது. சங்கம் பிறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். முதல் தலைவர் ஹெட்லிதான்.

ரயிலில் திரும்பும்போது எனிட் "டீ வாங்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து மாடியில் போன் அடித்தது. எனிட்தான் எடுத்தார்.

"குரோதர் பேசறேன். முதுகு பிரமாதமா இருக்கு, பத்து வருஷத்துல இப்படி இருந்ததில்ல. அந்த அம்மாகிட்டச் சொல்லிடுங்க. நீங்க யாரு, வரவேற்புல இருக்கிறவங்களா?"



"ஆமா," என்றார் எனிட். "சொல்லிடறேன்."

அன்றிலிருந்து வரவேற்புதான் அவர் வேலை. பலகையில் ஒரே பெயர். எனிட்டின் மேசையில் நோயாளிகளின் கோட்டுகள் குவிந்தன. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவற்றை எடுத்துவிட்டுத் தம்பியைப் படுக்கச் சொல்வார். தான் மட்டும் பிறகு ஒருபோதும் படுக்கவில்லை. சனிக்கிழமை காலையில், மாடிப்படி ஏறும் தம்பியைப் பார்த்துக் கேட்பார்.

"வலிக்குதா, ஹெட்லி?"

"வலிக்குது."

"விட்டுடும்."

இதற்கு மேல் அவர்கள் அந்த விஷயத்தைப் பேசியதாக யாரும் அறியவில்லை.

எனிட் நிமோனியாவில் போன பிறகு ஹெட்லி பல வருடம் இருந்தார். ஒரே சங்கம் ஆகிவிட்டது; இப்போது யாரும் யார் மேசையிலும் படுக்கலாம். வருடாந்திரக் கூட்டங்களில் அவருடைய முதுகு வளைந்துகொண்டே போவதைப் பார்த்து, குரோதர் உட்படப் பலரும் கூப்பிட்டார்கள்: "ஹெட்லி, வாங்க, ஒரு அஞ்சு நிமிஷம்."

"நாளைக்குப் பார்க்கலாம்," என்பார் அவர். யார் மேசையிலும் படுக்கவில்லை.