கதைப் புத்தகத்தில் தொங்கிய சிவப்பு அட்டை

எனக்கு இருபத்தேழு வயது. மின் பொறியாளர். பதின்ம வயதினருக்காக எழுதப்படும் நாவல்களை விரும்பிப் படிக்கிறேன். முதல் இரண்டையும் சொல்லும்போது தலையாட்டுகிறவர்கள் மூன்றாவதைக் கேட்டதும் சிரிக்கிறார்கள். அதனால் எப்போதும் மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

நெய்வேலியில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் வேலை. பழுப்பு நிலக்கரியைச் சுமந்துவரும் பெல்ட்டுகளின் மோட்டார்கள், அவற்றோடு சேர்ந்த பம்புகள், மின்பெட்டிகள் எல்லாவற்றையும் பராமரிப்பது எங்கள் குழுவின் பொறுப்பு. குடியிருப்பது மந்தாரக்குப்பத்தில், ஒரு மாடி அறையில். காலை ஆறே முக்காலுக்கு எங்களை ஏற்றிப்போக வேன் வரும். அதில் பதினான்கு பேர். பதின்மூன்று பேர் போனைப் பார்ப்பார்கள். நான் புத்தகத்தை விரிப்பேன். பின் இருக்கையிலிருந்து தினமும் ஒரே கேள்வி வரும்.

“மேடம், பரீட்சை எப்போ?”

“முடிஞ்சு பத்து வருஷமாச்சு. பாஸ்.”

அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டால் கேள்வி மாறும். “தம்பிக்கா மேடம்?” எனக்குத் தம்பி இல்லை. இல்லையென்று சொன்னால் அடுத்து காரணம் கேட்பார்கள். சின்ன வயதில் படிக்க முடியாமல் போனதா, வேலை அழுத்தத்துக்கு இலேசாக ஏதாவது வேண்டியிருக்கிறதா, மொழி பழகவா. இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்று சொன்னால் என்னை மன்னித்துவிடத் தயாராக இருப்பார்கள். எதற்கும் நான் ஆமாம் சொன்னதில்லை. சின்ன வயதிலும் படித்தேன். இப்போதும் படிக்கிறேன். பிடித்திருக்கிறது.

ஏன் பிடிக்கிறது என்பதற்கு ஒருமுறை குறிப்பேட்டில் பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஒன்று, இந்த நாவல்களில் யாரும் களைத்துப்போனவர்களாகத் தொடங்குவதில்லை. இரண்டு, ஒரு பொய் சொன்னால் அது அந்த அத்தியாயத்திலேயே வலிக்கிறது. பெரியவர்களின் நாவல்களில் முப்பது வருடம் கழித்துத்தான் வலிக்கும். மூன்று, முடிவெடுக்க வேண்டியவள் இருநூறு பக்கத்துக்குள் எடுத்துவிடுகிறாள். நான்கு என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். மீன் குழம்பு பிடிப்பதற்கு யாரும் நான்கு காரணம் எழுதுவதில்லை.

இனி அட்டை விஷயம்.

எங்கள் வேலையில் ஒரு மோட்டாரைத் தொடுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பெயர் பர்மிட். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சில் பூட்டுப் போட்டு, ‘டேக்’ என்கிற ஒரு சிவப்பு அட்டையை நூலால் கட்டித் தொங்கவிட வேண்டும். ‘ஆள் வேலை செய்கிறார், இயக்காதே’ என்று அதில் அச்சிட்டிருக்கும். கீழே பெயர், தேதி, பர்மிட் எண். தொங்கவிட்டவர்தான் கழற்ற வேண்டும். மேலதிகாரியே வந்தாலும் இன்னொருவரின் அட்டையில் கை வைக்கக் கூடாது. அட்டை தொங்கும்போது யாரோ ஒருவருடைய கை அந்த இயந்திரத்துக்குள் இருக்கிறது என்று பொருள். வேலை முடிந்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் கிழித்துப் போடுவார்கள்.

நான் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முதல் முதலாக என் பெயர் எழுதப்பட்ட அட்டை அது. பர்மிட் வேறொருவர் பெயரில்தான் இருந்தது. உடன் வேலை செய்பவர் என்ற இடத்தில் என் பெயர். ஆசையாக இருந்தது, வைத்துக்கொண்டேன். படிக்கும் புத்தகத்தில் பக்க அடையாளத்துக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்கவில்லை. தடித்த அட்டை, நூலும் இருக்கிறது.

பர்மிட் வாங்கத் தகுதியுள்ளவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் இல்லாதவர் எவ்வளவு வேலை தெரிந்தவராக இருந்தாலும் இன்னொருவரின் கையெழுத்துக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நான் இரண்டரை வருடம் அப்படி நின்றிருந்தேன். அந்த மாதம் என் பெயரை அனுப்பப்போவதாக சைட் இன்சார்ஜ் சொல்லியிருந்தார். எங்கள் சைட்டின் பட்டியலில் அதுவரை ஒரு பெண்ணின் பெயர் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் இது நடந்தது. சனிக்கிழமை மதியம், பெல்ட்டுக்குப் பக்கத்திலுள்ள பம்ப் அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். நிலக்கரித் தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்கும் பம்ப் அங்கே இருக்கிறது. அப்போது அது ஓடவில்லை. கதையில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி மூன்று வாரமாக அம்மாவிடம் பேசாமல் இருக்கிறாள். பேசிவிடுவாளோ என்ற இடத்தில் போன் வந்தது. பெல்ட்டின் மறுமுனையில் ஒரு மோட்டார் சூடாகிறது, உடனே வா என்றார்கள். விரித்த பக்கத்தில் அட்டையை வைத்து, புத்தகத்தை விரித்தபடியே நெஞ்சுயரத்தில் இருந்த மின்பெட்டியின் மேல் வைத்துவிட்டு ஓடினேன். ஷிப்ட் முடியும்வரை அந்த மோட்டாரோடு போராட்டம். அங்கிருந்தே வேனில் ஏறிவிட்டேன். மறுநாள் எனக்கு வார விடுமுறை.

அட்டை நழுவி, நூல் மட்டும் பக்கங்களுக்குள் சிக்கியிருக்க, சுவிட்சுக்கு நேர் முன்னால் தொங்கியிருக்கிறது.

மாலை ஷிப்ட்காரர் பம்பைப் போட வந்திருக்கிறார். பூட்டு இல்லை, ஆனால் சிவப்பு அட்டை இருந்தது. பெயர் இருந்தது, எண் இருந்தது; தேதியை அவர் பார்க்கவில்லை. திரும்பிப் போய் ‘பம்பில் பராமரிப்பு வேலை, இயக்க இயலாது’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டார். அடுத்த ஷிப்ட்காரர் அதையே பார்த்து எழுதினார். விடியும்போது பெல்ட் பாதை முழுக்கப் பழுப்புத் தூசி. ஞாயிறு காலை எங்கள் குழு எலக்ட்ரீஷியனை அனுப்பினார்கள். குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஊர்க்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர்தான் நூல் எங்கே போகிறது என்று எட்டிப் பார்த்தவர். எனக்குப் போன் செய்தார்.

“மேடம், உங்க டேக்கு இங்க தொங்கிகினு கீது. மேல ஒரு கதை புக்கு கீதுங்க.”

“அண்ணே, அத எடுத்துடுங்களேன்.”

“நான் எப்படி மேடம் எடுப்பேன்? உங்க பேரு போட்ருக்குதே. நீங்கதான் வந்து எடுக்கணும்.”

ஆட்டோ பிடித்துப் போனேன். அவர் பெட்டிக்கு முன்னால் காவல்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி கையில் போனோடு நின்றார். ஏற்கெனவே நான்கு கோணத்தில் படம் எடுத்திருந்தார். இரண்டு பேர் முன்னிலையில் என் நாவலிலிருந்து என் அட்டையைக் கழற்றினேன். பம்ப் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கிடையில் எலக்ட்ரீஷியன் என் பக்கம் குனிந்து கேட்டார்.

“அந்தப் பொண்ணு கடைசீல அம்மாகிட்ட பேசிச்சா இல்லியா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு மணி நேரமா நின்னுகினு இருந்தேன். விரிச்சிருந்த ரெண்டு பக்கத்தையும் நாலு வாட்டி படிச்சிட்டேன். பக்கத்தத் திருப்பலாம்னு பாத்தா உங்க நூலு மாட்டிகினு கீது. வுட்டுட்டேன்.”

திங்கட்கிழமை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மூன்று கேள்விகள். காலாவதியான அட்டை உங்களிடம் எப்படி இருந்தது? அது ஏன் பெட்டியில் தொங்கியது? மூன்றாவதுதான் என்னை உறுத்தியது: குழந்தைகள் புத்தகம் பணியிடத்துக்குள் எப்படி வந்தது?

எண் போட்டுப் பதில் எழுதினேன். முதல் ஐந்தும் அட்டையைப் பற்றி. திருப்பிக் கொடுக்காதது என் தவறு. அடையாளமாகப் பயன்படுத்தியது அதைவிடப் பெரிய தவறு. பொய்யாகத் தொங்கும் ஓர் அட்டையைப் பார்த்துப் பழகியவர் நாளை உண்மையான அட்டையையும் சந்தேகிப்பார். அப்போது ஒரு கை போகும். இதை மறைக்காமல் எழுதினேன். ஆறாவது எண்ணில் இப்படி எழுதினேன்: ‘புத்தகம் தானாக வரவில்லை. நான் கொண்டுவந்தேன். பதின்ம வயதினருக்கான நாவல். என்னுடையது. சாப்பாட்டு இடைவேளையில் படித்துக்கொண்டிருந்தேன்.’

சைட் இன்சார்ஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கத்த மாட்டார். கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அஞ்சு வரைக்கும் நல்லாத்தான் எழுதிருக்க. இந்த ஆறு எதுக்கும்மா?”

“கேட்டிருக்காங்க சார்.”

“கேட்டா? தங்கச்சி புஸ்தகம், பையில மாறி வந்துட்டுன்னு எழுது. சோலி முடிஞ்சுது.”

“எனக்குத் தங்கச்சி இல்ல சார்.”

“அடுத்த வீட்டுப் பிள்ள புஸ்தகம்னு எழுது! ஏம்மா, உன் பேர இந்த மாசம் மேல அனுப்பணும். கூடவே இந்தக் காயிதமும் போகும். சின்னப் பிள்ளைங்க கதையால்லா வாசிக்கா, இவ கையில பூட்டையும் சாவியையும் குடுக்கவான்னு கேப்பான். நான் என்னன்னு பதில் சொல்ல?”

“போன வாரம் சூடான மோட்டார யார் சரி பண்ணுனதுன்னு சொல்லுங்க சார்.”

அவர் சிரிக்கவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தார், அது எனக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. எதிரி என்றால் இன்னும் எளிதாக இருந்திருக்கும். ஒரே ஒரு வரி. இல்லாத ஒரு தங்கச்சி. இரண்டரை வருடம் பின்னால் நின்றது முடிந்துவிடும். பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

“ஆறாவத அடிச்சாத்தான் உன் பேர அனுப்புவேன்” என்றார்.

“சார், அனுப்பாம இருக்கிறதுக்கு ஒரு காரணம் எழுதணும் இல்லையா? டேக்குக்காகன்னா நான் ஒத்துக்கிறேன். தப்பு என்னுது. புத்தகத்துக்காகன்னா அதையும் அப்படியே எழுத்துல குடுங்க. ஃபைல்ல வச்சுக்கிறேன்.”

ஒரு நாவலைப் படித்ததற்காக ஒரு பொறியாளரின் பெயரை நிறுத்திவைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு எழுத எந்த இன்சார்ஜாலும் முடியாது. அவர் நெடுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கடைசியில் எழுதினார்: ‘அட்டை விதி மீறல் காரணமாக ஒரு மாதம் ஒத்திவைக்கப்படுகிறது.’ புத்தகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் ஆறாவது எண்ணும் அடிபடாமல் அப்படியே மேலே போனது.

அந்த மாதப் பட்டியல் என் பெயர் இல்லாமல் வந்தது. அறிவிப்புப் பலகையில் அதைப் பார்த்த காலை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெருமையாக எதுவும் தோன்றவில்லை.

தண்டனையின் இன்னொரு பகுதி, காலை வேலை தொடங்குமுன் எல்லோரும் வரிசையில் நின்று கேட்கும் பாதுகாப்புப் பேச்சை அந்த வாரம் நான் நடத்த வேண்டும் என்பது. அட்டையை ஒரு கையிலும் புத்தகத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அட்டையை உயர்த்தி, “இது விளையாட்டுப் பொருள் இல்ல. நான் விளையாடினேன், தப்பு” என்றேன். புத்தகத்தை உயர்த்தி, “இது என் புத்தகம். இதுல தப்பு ஒண்ணும் இல்ல” என்றேன்.

வரிசையில் சிரிப்பு எழுந்தது. “மேடம், கதை சொல்லுங்க!” என்று யாரோ கத்தினார்.

“சொல்ல மாட்டேன். வேணும்னா வாங்கிப் படிங்க.”

எலக்ட்ரீஷியன் கையைத் தூக்கினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “குடுங்க மேடம்” என்றார். “எனக்கு ரெண்டு பக்கந்தான் தெரியும்.” சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் வந்து புத்தகத்தை வாங்கி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான்கு நாளில் திருப்பித் தந்தார். அந்த அம்மா பேசியது சரியில்லை என்றும், பெண் இன்னும் ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கலாம் என்றும் வேனில் என்னோடு வாதாடினார். பின் இருக்கைக்காரர்கள் இப்போது அவரிடமும் பரீட்சை எப்போது என்று கேட்கிறார்கள்.

அடுத்த மாதம் நேர்முகத் தேர்வு. பாதுகாப்பு அதிகாரி என் பழைய கடிதத்தை முன்னால் வைத்திருந்தார். விதிகளில் முப்பது கேள்வி கேட்டார், முப்பதுக்கும் சொன்னேன். பிறகு ஆறாவது எண்ணில் விரலை வைத்தார்.

“இன்னும் இதெல்லாம் படிக்கிறீங்களா?”

“படிக்கிறேன் சார். பைலதான் இருக்கு.”

“பக்கத்துக்கு அடையாளம்?”

“பஸ் டிக்கெட்.”

“காட்டுங்க.”

எடுத்துக் காட்டினேன். புதுப் புத்தகம், அட்டைப்படத்தில் சைக்கிளோடு இரண்டு பிள்ளைகள். அவர் டிக்கெட்டைப் பார்த்தார், புத்தகத்தைக் குலுக்கிப் பார்த்தார், வேறு எதுவும் விழவில்லை. கையெழுத்துப் போட்டார்.

என் பெயரில் முதல் பர்மிட் அதே பம்புக்குத்தான் வந்தது. பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்து, அட்டையைக் கட்டினேன். எலக்ட்ரீஷியன் நூலை ஒருமுறை இழுத்து, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டார். வேலை முடிந்ததும் கழற்றிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார்கள். வேனில் நாற்பத்தோராம் பக்கத்தை விரித்தேன்.